ஐதரசனைத் திறக்கும் முன்: அயன் திரவத்தில் பலேடியம் நானோத்துகள் செய்யத் தொடங்குவோருக்கு

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எல்லோருக்கும் அற்கீனின் ஐதரசனேற்றம் தெரியும். நிக்கல், பலேடியம், பிளாற்றினம் ஆகியவற்றில் ஒன்றை அம்புக்குறிக்கு மேல் எழுதி, இரட்டைப் பிணைப்பை ஒற்றையாக்கி, புள்ளியை வாங்கிக்கொண்டு வந்திருப்போம். அம்புக்குறிக்கு மேல் எழுதிய அந்த உலோகம் என்ன வடிவில் இருக்கிறது, எதற்குள் இருக்கிறது, தாக்கம் முடிந்தபின் அதை எப்படித் திருப்பி எடுப்பது என்பதெல்லாம் ஆய்வுகூடத்தில் கையை வைத்த பிறகுதான் கேள்வியாக எழும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகத்தில் நான்காம் வருட ஆய்வுத்திட்டத்துக்கு இந்தத் துறையைத் தெரிவுசெய்யும் மாணவர்களையும், வேறு துறையிலிருந்து இதற்குள் வருபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த வேலை சரிவருமா வராதா என்பது பெரும்பாலும் ஐதரசன் சிலிண்டரைத் திறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. புதிதாக வருபவர்களின் கண் உலோகத்தில் இருக்கும். பிழையோ திரவத்தில் இருக்கும்.

எதைச் செய்யப்போகிறோம்

100 பாகை செல்சியசுக்குக் கீழே உருகிய நிலையில் இருக்கும் உப்பைத்தான் அயன் திரவம் என்கிறோம். 1914 இல் பால் வால்டன் 12 பாகையில் உருகும் எதைல் அமோனியம் நைத்திரேற்றைப் பற்றி எழுதினார். அதன்பின் நெடுங்காலம் இந்தத் திரவங்கள் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1992 இல் வில்க்சும் சவரோட்கோவும் காற்றுக்கும் நீருக்கும் தாக்குப்பிடிக்கும் இமிடசோலியம் உப்புகளைச் செய்து காட்டியதும் ஊக்கல் வேலை செய்வோர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். 1995 இல் இவ் ஷோவினின் குழு இரோடியம் சிக்கலை இத்தகைய திரவத்தில் கரைத்து அற்கீன்களை ஐதரசனேற்றியது. 2002 இல் பிரேசிலின் போர்த்தோ அலெக்ரேயில் ஜைர்ட்டன் டுப்போன்ற்றின் குழு, ஒரு இரிடியம் சேர்மத்தை அயன் திரவத்துக்குள்ளேயே ஐதரசனால் தாழ்த்தி, 2 நானோமீற்றர் அளவான துகள்களைப் பெற்று, அவற்றையே ஊக்கியாகப் பயன்படுத்தியது. நாம் செய்யப்போவதும் அதே வழிதான். உலோகம் மட்டும் பலேடியம்.

இவ்வளவு சிறிய துகளில் என்ன இலாபம்? 5 நானோமீற்றர் பலேடியம் துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அணுக்கள் மேற்பரப்பில் இருக்கும். 2 நானோமீற்றரில் அது பாதியளவுக்கு உயரும். ஐதரசன் வந்து ஒட்டுவது மேற்பரப்பு அணுக்களில் மட்டும்தான், உள்ளே கிடக்கும் பலேடியத்துக்குக் கொடுத்த காசு வீண். ஆனால் சிறிய துகள்களைச் சும்மா விட்டால் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். அயன் திரவத்தின் கற்றயன்களும் அனயன்களும் துகளைச் சுற்றிக் கிடுகு வேலி மாதிரி நிற்கின்றன: காற்று போகும், அடுத்த வளவு வந்து சேராது. ஐதரசனும் அற்கீனும் உள்ளே போய்வரலாம், இன்னொரு துகள் நெருங்குவது கடினம். பொலிமரையோ தயோலையோ துகளில் இறுக்கமாக ஒட்டிவிட்டால் பாதுகாப்புக் கூடும், ஆனால் மேற்பரப்பு மூடப்பட்டுவிடும். இந்தத் தளர்வான காவலுக்காகத்தான் அயன் திரவத்தைத் தேடி வருகிறோம்.

திரவம்: இங்கேதான் நேரம் செலவாக வேண்டும்

1-பியூட்டைல்-3-மெதைல்இமிடசோலியம் கற்றயனோடு தொடங்குங்கள். ஆய்வுகூடத்தில் எல்லோரும் ‘பிமிம்’ என்றுதான் சொல்வார்கள். அனயனாக ஹெக்சாபுளோரோபொஸ்பேற்று, டெட்ராபுளோரோபோரேற்று, ட்ரைஃப்ளிமைட்டு மூன்றும் பழைய கட்டுரைகளில் அடிக்கடி வரும். புதியவருக்கு நான் ட்ரைஃப்ளிமைட்டையே பரிந்துரைப்பேன். முதல் இரண்டும் ஈரத்தோடு சூடானால் நீர்ப்பகுப்படைந்து ஐதரசன் புளோரைட்டை விடக்கூடியவை. அது கண்ணாடியையும் அரிக்கும், கையையும் அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரெல்லாம் ஈரம் கசியும் ஊரில் அந்த ஆபத்தைத் தேடிப்போகத் தேவையில்லை. ட்ரைஃப்ளிமைட்டு இளகிய திரவம், கலக்குவதும் சுலபம். 25 பாகையில் அதன் பாகுநிலை ஹெக்சாபுளோரோபொஸ்பேற்றினதில் ஐந்தில் ஒன்று அளவுதான்.

வாங்கலாம், செய்யவும் செய்யலாம். செய்வதென்றால், புதிதாகக் காய்ச்சிவடித்த 1-மெதைல்இமிடசோலோடு சற்று மிகையான 1-குளோரோபியூட்டேனைச் சேர்த்து, நைதரசன் சூழலில் 70 முதல் 80 பாகையில் இரண்டு மூன்று நாட்கள் வையுங்கள். பிமிம் குளோரைட்டு கிடைக்கும், ஆறியதும் வெண்ணிறமாகத் திண்மமாகும். மஞ்சளானால் சூடு கூடியிருக்கிறது, அல்லது தொடக்கப் பொருள் சுத்தமில்லை. குளோரைட்டை நீரில் கரைத்து, இலித்தியம் ட்ரைஃப்ளிமைட்டின் நீர்க்கரைசலைச் சேர்த்ததும் அடியில் இன்னொரு படை பிரியும். அதுதான் நமது திரவம். அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.44, ஆகவே எப்போதும் கீழேதான் நிற்கும்.

இனிக் கழுவல். இலித்தியம் குளோரைட்டும் மீந்த பிமிம் குளோரைட்டும் நீரோடு போகவேண்டும். குளோரைட்டு பலேடியத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஊக்கியை மந்தமாக்கும், துகள்களின் அளவையும் குழப்பும். ஒவ்வொரு கழுவலின் நீரிலும் சிறிது எடுத்து, ஐதான நைத்திரிக்கமிலம் ஒரு துளியும் வெள்ளி நைத்திரேற்று ஒரு துளியும் விட்டுப் பாருங்கள். கலங்கல் வருவது நிற்கும்வரை கழுவிக்கொண்டே இருக்கவேண்டும். கலங்கல் நின்ற பிறகும் இரண்டு தடவை கழுவுங்கள், ஏனென்றால் இந்தச் சோதனை மிகச் சிறிய அளவைக் காட்டாது. அயன் நிறப்பகுப்பு செய்யும் வசதி கிடைத்தால் விடாதீர்கள்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு பொறியும் இங்கே உண்டு. நமது நீர் சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வருகிறது. வன்மை கூடியது, பல இடங்களில் உவர், குளோரைட்டும் தாராளம். கிணற்று நீரை ஒரு சோதனைக்குழாயில் எடுத்து வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பாருங்கள், பால் மாதிரி வெளுக்கும். பிரிபுனலைக் குழாய்நீரில் அலம்பிவிட்டு அப்படியே கழுவலுக்கு எடுத்தால், நீங்கள் எடுத்துவிட்டதாக நினைக்கும் குளோரைட்டு திரும்ப வந்துவிடும். கழுவலுக்கும் கண்ணாடிப் பாத்திரங்களின் கடைசி அலம்பலுக்கும் அயன் நீக்கிய நீரையே பாவியுங்கள். அந்த நீரையும் கழுவல் தொடங்குமுன் வெள்ளி நைத்திரேற்றால் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

அடுத்த எதிரி மீந்த 1-மெதைல்இமிடசோல். அதன் நைதரசன் பலேடியத்தைப் பிடித்துக்கொள்ளும். உயர்தரத்தில் படித்த குயினொலின் நினைவிருக்கிறதா? பேரியம் சல்பேற்றில் ஏற்றிய பலேடியத்தை வேண்டுமென்றே மந்தப்படுத்தி, அற்கைனை அற்கீனோடு நிறுத்தவே அதைச் சேர்க்கிறோம். இங்கே நீங்கள் கேட்காமலேயே அந்த வேலை நடந்துவிடும். திரவத்தில் சிறிதைத் தனியே எடுத்து, அதில் செப்பு(II) குளோரைட்டைச் சேர்த்தால், மெதைல்இமிடசோல் இருக்குமிடத்தில் நீல நிறச் சிக்கல் உருவாகும். இது எளிய பரிசோதனை, செலவும் இல்லை.

கடைசியாக நீர். நீரோடு குலுக்கி எடுத்த ட்ரைஃப்ளிமைட்டில் ஒரு வீதத்துக்குச் சற்று மேல் நீர் இருக்கும். 70 பாகையில், கலக்கிக்கொண்டே, நல்ல வெற்றிடப் பம்பியில் ஓர் இரவு விடுங்கள். குமிழிகள் அடங்கியபின் நைதரசனின் கீழ் மூடி வையுங்கள். உலர்த்திய திரவத்தை மேசையில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் நம்மூர்க் காற்று மீண்டும் ஈரமாக்கிவிடும். எஞ்சிய நீர் துகள்களின் அளவை மாற்றக்கூடியது. இன்று வந்த விளைவு அடுத்த கிழமை வராமற்போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஐதரசனோடு பழகும் முறை

காற்றில் 4 முதல் 75 வீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஐதரசன் தீப்பற்றும். பற்றவைக்க 0.02 மில்லியூல் அளவு பொறி போதும், சுவாலையும் பகல் வெளிச்சத்தில் தெரியாது. சிலிண்டரைச் சங்கிலியால் கட்டுங்கள். எரிவாயுச் சிலிண்டரின் திருகுபுரி இடப்பக்கமாகச் சுற்றும், பழக்கத்தில் வலப்பக்கம் திருகிப் புரியைக் கெடுத்துவிடாதீர்கள். இணைப்புகளுக்கெல்லாம் சவர்க்கார நீர் தடவிக் கசிவு பாருங்கள். வேலை முழுவதும் பியூம் ஹூட்டுக்குள் (வாயுக்களை விசிறியால் வெளியே இழுக்கும் அடைப்பு).

கரண்ட் போனால் பியூம் ஹூட்டின் விசிறியும் நிற்கும். இதைப் பலர் யோசிப்பதில்லை, கலக்கி நின்றுவிட்டதே என்றுதான் பார்ப்பார்கள். மின்வெட்டு வந்தால் முதலில் ஐதரசனை மூடுங்கள், சூடாக்கியைக் கழற்றுங்கள், பிறகு மற்றதைப் பார்க்கலாம். தனியாக ஒருவர் மட்டும் ஆய்வுகூடத்தில் இருக்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

துகள்களைச் செய்தல்

முன்னோடிச் சேர்மமாக பலேடியம்(II) அசற்றைல்அசற்றோனேற்றை எடுங்கள். குளோரைட்டு இல்லாதது. தாழ்த்தும்போது மிஞ்சுவது அசற்றைல்அசற்றோன், அதை வெற்றிடத்தில் உறிஞ்சி எடுத்துவிடலாம். பலேடியம் குளோரைட்டு மலிவென்று எடுத்தால், இவ்வளவு நேரம் கழுவியதெல்லாம் வீணாகும்.

ஒரு தாக்கத்துக்கு 3 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 0.01 மில்லிமூல் போதும். ஆனால் 3 மில்லிகிராமை நிறுத்தால் தராசின் ஆட்டமே பெரிய வழுவாகிவிடும். 15 மில்லிகிராமை நிறுத்து 10 மில்லிலீற்றர் அயன் திரவத்தில் கரைத்து, தாக்கத்துக்கு 2 மில்லிலீற்றர் வீதம் எடுங்கள். கரையத் தாமதித்தால் 40 பாகைவரை இளஞ்சூடாக்கிக் கலக்குங்கள். மஞ்சள் நிறத் தெளிந்த கரைசல் வரவேண்டும்.

2 மில்லிலீற்றரை ஷ்லெங்க் குழாய்க்குள் (வெற்றிடத்தோடும் வாயுவோடும் மாற்றி இணைக்கப் பக்கக் குழாய் உள்ள கண்ணாடிப் பாத்திரம்) விட்டு, வெற்றிடம், நைதரசன் என்று மூன்று தடவை மாற்றுங்கள். பிறகு வெற்றிடம், ஐதரசன். 75 பாகைக்குச் சூடாக்கி நன்றாகக் கலக்குங்கள். டுப்போன்ற் குழு 4 வளிமண்டல அமுக்கத்தில் இதைச் செய்தது. அமுக்கம் தாங்கும் பாத்திரம் இல்லாவிட்டால் தடித்த பலூனில் ஐதரசன் நிரப்பியும் தொடங்கலாம், நேரம் கூடும், அவ்வளவுதான். சாதாரணக் கண்ணாடிக்கு ஒருபோதும் அமுக்கம் கொடுக்காதீர்கள்.

இங்கே பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு மஞ்சள் மங்கி, தேநீர்ச் சாயத்தின் நிறம் வந்து, சட்டென்று கறுக்கும். இந்தத் தாமதம் இயல்பானது. முதல் சில துகள்கள் பிறப்பதுதான் மெதுவானது, பிறந்த துகளின் மேற்பரப்பிலேயே அடுத்த பலேடியம் வேகமாகத் தாழும். 1997 இல் ஃபிங்கும் வாட்ஸ்கியும் முன்வைத்த இரண்டு படிப் பொறிமுறை இதைத்தான் சொல்கிறது. ஆகவே தாமதத்தைக் கண்டு பயந்து சூட்டை ஏற்றாதீர்கள்.

கறுத்த திரவத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சரியுங்கள். ஒரே சீரான கறுப்பு கண்ணாடியில் வழுக்கி இறங்கினால் நல்லது. சுவரில் கண்ணாடிப் பூச்சு போலப் பளபளத்தாலோ, அடியில் மணலாகத் தேங்கினாலோ துகள்கள் கூடிவிட்டன. கழுவலுக்குத் திரும்பிப் போங்கள்.

ஐதரசனேற்றம்

முதல் தாக்கத்துக்கு சைக்ளோஹெக்சீன் நல்லது. 1-ஹெக்சீனை எடுத்தால் பலேடியம் இரட்டைப் பிணைப்பை உள்ளே நகர்த்தி 2-ஹெக்சீனாகவும் மாற்றும், நிறப்பகுப்பில் எதிர்பாராத உச்சிகள் வந்து புதியவரைக் குழப்பும். சைக்ளோஹெக்சீனில் இரட்டைப் பிணைப்பை எங்கே நகர்த்தினாலும் அதே சேர்மம்தான். பழைய போத்தலில் பெரொட்சைட்டு இருக்கக்கூடும், அலுமினா நிரலினூடாக வடித்து எடுங்கள்.

1 மில்லிலீற்றர் சைக்ளோஹெக்சீன் என்பது ஏறத்தாழ 10 மில்லிமூல், பலேடியத்துக்கு ஆயிரம் மடங்கு. அது முழுவதும் மாற அதே 10 மில்லிமூல் ஐதரசன் வேண்டும், 30 பாகையில் சாதாரண அமுக்கத்தில் சுமார் 250 மில்லிலீற்றர். இப்போது அயன் திரவத்தைப் பாருங்கள். சாதாரண அமுக்கத்தில் அதன் ஒரு லீற்றரில் ஒரு மில்லிமூலுக்கும் குறைவான ஐதரசனே கரையும், மெதனோலில் கரைவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அளவு. நமது 2 மில்லிலீற்றரில் ஒரு தருணத்தில் இருப்பது 0.002 மில்லிமூல்கூட இல்லை. தாக்கம் முடிய அந்தக் கையிருப்பு 5000 தடவைக்கு மேல் தீர்ந்து நிரம்பவேண்டும். நிரப்புவது யார்? உங்கள் காந்தக் கலக்கி. கலக்குதுண்டு மேலே ஒரு சுழியை உண்டாக்கி வாயுவை இழுக்கும் வேகத்தில் சுழலவேண்டும், சோம்பலாகச் சுற்றினால் போதாது.

இதனால் ஒரு பரிசோதனை கட்டாயம். அதே தாக்கத்தைக் கலக்கும் வேகத்தைக் கூட்டிச் செய்யுங்கள். தாக்க வீதம் உயர்ந்தால் நீங்கள் அளந்தது கலக்கியை, ஊக்கியை அல்ல. வேகத்தைக் கூட்டியும் வீதம் மாறாத நிலை வந்தபின், ஊக்கியின் அளவைப் பாதியாக்குங்கள். வீதமும் பாதியானால்தான் இரசாயனத்தை அளக்கிறீர்கள் என்று நம்பலாம்.

வெப்பநிலையை 40 பாகை நீர்த்தொட்டியில் நிலைப்படுத்துங்கள். ‘அறைவெப்பநிலை’ என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள். மார்கழிக் காலையும் சித்திரை மதியமும் இந்த ஊரில் ஒரே அறைவெப்பநிலை இல்லை.

பிரித்தல், மீளப் பாவித்தல்

கலக்கலை நிறுத்தியதும் மேலே நிறமற்ற படை, கீழே கறுத்த திரவம். ஐதரசனை வெளியேற்றி, நைதரசனால் கழுவிய பிறகே திறக்கவேண்டும். பாத்திரச் சுவரில் உலர்ந்து ஒட்டியிருக்கும் பலேடியம், ஐதரசனும் கரைப்பானாவியும் உள்ள இடத்தில் காற்றுப்பட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். மேற்படையை சிரிஞ்சால் எடுத்து வாயு நிறப்பகுப்புக்கு அனுப்புங்கள்.

சைக்ளோஹெக்சீனும் சைக்ளோஹெக்சேனும் ஓரளவு கீழ்ப்படையிலும் கரைந்திருக்கும். அதை வெற்றிடத்தில் குளிர்ப்பொறிக்குள் இழுத்தெடுக்காமல் அடுத்த சுற்றைத் தொடங்கினால், முதற்சுற்றின் விளைபொருளும் இரண்டாம் சுற்றின் கணக்கில் ஏறும்.

பல கட்டுரைகளில் ‘ஐந்து தடவை பாவித்தும் 100 வீத மாற்றம்’ என்று பட்டைவரைபு போட்டிருப்பார்கள். அதை நான் ஆதாரமாக ஏற்பதில்லை. ஒரு மணித்தியாலத்தில் முடியும் தாக்கத்தை ஐந்து மணித்தியாலம் விட்டால், ஊக்கி பாதி செத்திருந்தாலும் 100 வீதம் வரும். மீள்பாவனையைச் சோதிப்பதென்றால் 30, 40 வீத மாற்றத்தில் தாக்கத்தை நிறுத்தி, சுற்றுக்குச் சுற்று ஒப்பிடுங்கள்.

யார் ஊக்குவித்தது?

பலேடியம் இல்லாமல், மற்றதெல்லாம் அப்படியே வைத்து ஒரு வெற்றுத் தாக்கம் செய்யுங்கள், புதிய கலக்குதுண்டோடு. பழைய கலக்குதுண்டின் டெஃப்லோன் கீறல்களில் முன்பு யாரோ பாவித்த உலோகம் ஒளிந்திருந்து ஊக்குவிப்பது உண்மையில் நடப்பது.

அடுத்து, பிரித்த மேற்படையில் புதிய சைக்ளோஹெக்சீன் சேர்த்து ஐதரசனின் கீழ் விடுங்கள். தாக்கம் நடந்தால் பலேடியம் மேலே கசிந்திருக்கிறது. நச்சுப்படுத்திப் பார்க்கும் முறையும் உண்டு: பலேடியத்தின் மொத்த மூல் அளவைவிட மிகக் குறைந்த நச்சே தாக்கத்தை முற்றாக நிறுத்தினால், வேலை செய்தது மேற்பரப்பு அணுக்கள் மட்டுமே என்று கொள்ளலாம். இரசத் துளிச் சோதனையும் கட்டுரைகளில் வரும், ஆனால் தொடக்கத்தில் இரசத்தைத் தொடத் தேவையில்லை.

துகள்களின் அளவுக்கு ஊடுகடத்தும் இலத்திரன் நுண்ணோக்கி வேண்டும், மாதிரியை வெளியே அனுப்பவேண்டி வரலாம். அயன் திரவத்துக்கு ஆவியமுக்கம் மிகமிகக் குறைவு என்பதால், காபன் பூசிய வலையில் ஒரு மெல்லிய படலமாகத் தடவி அப்படியே வெற்றிடத்துக்குள் வைக்கலாம். துகள்கள் திரவத்துக்குள் எப்படி இருந்தனவோ அப்படியே தெரியும். படலம் தடித்தால் ஒன்றும் தெரியாது. சில நூறு துகள்களையாவது அளந்து பரம்பலைப் போடுங்கள், அழகான ஒரு மூலையை மட்டும் தேர்ந்தெடுத்துப் போடாதீர்கள்.

இதெல்லாம் கைவந்தபின், இரட்டைப் பிணைப்பு இரண்டு உள்ள சேர்மங்களுக்குப் போங்கள். பலேடியம் நானோத்துகள்களால் 1,3-பியூட்டாடையீனை 1-பியூட்டீனோடு நிறுத்த முடிந்ததை டுப்போன்ற் குழு 2005 இல் காட்டியது. காரணத்தின் ஒரு பகுதி திரவத்தில் இருக்கிறது: பியூட்டாடையீன் அயன் திரவத்தில் பியூட்டீனைவிடப் பல மடங்கு நன்றாகக் கரையும். உருவான பியூட்டீன் இரண்டாவது ஐதரசனுக்குக் காத்திராமல் வெளியேறிவிடும். ஊக்கியை மாற்றாமல், கரைதிறனால் தெரிவைக் கட்டுப்படுத்தும் இந்த வழிதான் இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்தது.

கழிவு

அயன் திரவம் ஆவியாகாது என்பதால் ‘பசுமைக் கரைப்பான்’ என்று பெயரெடுத்தது. ஆவியாகாதது நீரில் பரவாது என்று அர்த்தமில்லை. இமிடசோலியம் உப்புகள் நீர்வாழ் உயிரிகளுக்கு நஞ்சு, காபன் சங்கிலி நீள நீள நஞ்சும் கூடும். ட்ரைஃப்ளிமைட்டில் உள்ள காபன்-புளோரின் பிணைப்புகள் இலகுவில் சிதையாதவை. குடாநாட்டில் நாம் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய நீர், சிங்கில் ஊற்றியது போய்ச் சேருமிடமும் அதுதான். பழுதான திரவம், கழுவிய நீரின் முதல் இரண்டு பங்குகள், பலேடியம் பட்ட வடிதாள்கள் ஆகிய மூன்றுக்கும் மூன்று போத்தல்கள் வைத்து, உள்ளடக்கமும் திகதியும் எழுதி ஒட்டுங்கள். வடிதாள்களை நீரில் நனைத்தபடியே மூடிவையுங்கள், உலரவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டால் தீப்பிடிக்கும்.